நிறைந்த களஞ்சியம்

மாணவன் ஒருவன் கணினியின் முன் நெடுநேரம் அமர்ந்து கட்டுரை ஒன்றை எழுதி முடிக்கின்றான். முடித்த கட்டுரையைச் சேமித்து வைக்க முற்படுகின்றான். எழுத்துகள் யாவும் திரையில் இருக்கின்றன. ஆயினும் கணினியோ, வட்டில் இடம் இல்லை என்று ஒரு சிறு கட்டத்துள் அறிவித்துவிட்டு வாளா நிற்கின்றது. வேண்டாத கோப்புகள் சிலவற்றை அழித்துவிட்டு அவன் மீண்டும் முயல்கின்றான். மீண்டும் அதே அறிவிப்பு. அழித்த பின்னும் இடம் எவ்வாறு இல்லாமற் போகும்? இவ்வினா எளியது போலத் தோன்றும். ஆனால் இதனோடு மிக நெருங்கிய வினா ஒன்றிற்கு விடை தேடி, தேர்ந்த பொறியியல் வல்லுநர் பலர் 2004ஆம் ஆண்டில் இரவு பகலாக உழைக்க நேர்ந்தது. அவர்களுடைய கணினி அவர்கள் மேசைமீது இருக்கவில்லை. ஏறத்தாழ 19 கோடி கிலோமீட்டருக்கு அப்பால், செவ்வாய்க் கோளின் மண்மீது அது நின்றுகொண்டிருந்தது.

அக்கணினியைத் தாங்கிய ஊர்தியின் பெயர் ஸ்பிரிட். அமெரிக்க நாட்டின் விண்வெளி நிறுவனமாகிய நாசா அனுப்பிய இரட்டை ஊர்திகளுள் அது முன்னது. பின்னதன் பெயர் ஆப்பர்சூனிட்டி. 2003 ஜூன் 10 அன்று புவியினின்று புறப்பட்ட ஸ்பிரிட், ஏறத்தாழ ஏழு திங்கள் விண்வெளியில் பயணம் செய்து, 2004 ஜனவரி 4 அன்று செவ்வாயின் குசேவ் என்னும் பெரும்பள்ளத்தில் இறங்கியது. ஆறு சக்கரங்களும், கதிரவன் ஒளியை மின்சாரமாக மாற்றும் பலகைகளும், நிமிர்ந்த கழுத்தின்மேல் ஒளிப்படக் கருவிகளும், பாறையின் மேற்பரப்பைத் தேய்க்கும் கருவி பொருந்திய ஒரு கையும் அதற்கு உண்டு. அப்பள்ளத்தில் முன்னொரு காலத்தே நீர் நிறைந்த ஏரி இருந்திருக்கக் கூடும் என்று அறிஞர் கருதினர். அதற்குரிய சான்றுகளைத் தேடவே ஊர்தி அங்கு அனுப்பப்பெற்றது. செவ்வாயின் கணக்கில் 90 நாள் உழைத்தாற் போதும் என்பது திட்டம். செவ்வாயின் ஒரு நாள் நம் நாளினும் ஏறத்தாழ 40 நிமிடம் நீண்டது.

ஊர்தியின் மூளையாகிய கணினிக்கு இருவகை நினைவகங்கள் இருந்தன. இவ்விரண்டின் வேறுபாட்டை முதலில் உணர்ந்துகொள்ளல் வேண்டும். ஏனெனில் பின்னர் நிகழ்ந்த இடர் முழுவதும் இவ்வேறுபாட்டினின்றே தோன்றியது. ராம் எனப்படும் நினைவகம் வேலை செய்யும் மேசையைப் போன்றது. கணினி எதனைக் கருதினாலும், எதனைக் கணக்கிட்டாலும் அம்மேசைமீது வைத்துக்கொண்டே செய்யும். மின்சாரம் நின்றால் மேசைமீதுள்ள யாவும் மறைந்துபோகும். பிளாஷ் எனப்படும் மற்றொரு நினைவகமோ நெற்குதிரைப் போன்றது. மின்சாரம் நின்றாலும் அதில் வைத்த பொருள் அழியாது. நம் வீட்டுக் கணினியின் வட்டும், கையிற் கொண்டு செல்லும் பென்டிரைவும் செய்யும் வேலையையே அந்தப் பிளாஷ் நினைவகம் செவ்வாயில் செய்தது. ஸ்பிரிட்டின் மேசை 128 மெகாபைட்டு. அதன் குதிர் 256 மெகாபைட்டு. இன்று ஒருவர் சட்டைப்பையில் வைத்திருக்கும் அலைபேசியின் கொள்ளளவு இதனைவிடப் பன்னூறு மடங்கு மிகுதி. அதுகொண்டு அவ்வூர்தியை எள்ளி நகையாடுதல் தகாது. விண்வெளியின் கதிர்வீச்சைத் தாங்கிப் பிழைக்கக் கூடிய உறுப்புகளையே அதில் பொருத்தல் இயலும். அத்தகைய உறுப்புகள் கடைத்தெருவில் விற்கும் உறுப்புகளைவிட எப்போதும் பல்லாண்டு பின்தங்கியவையாகவே இருக்கும்.

இரவில் ஊர்தி உறங்கும். கதிரொளி இல்லாதபோது மின்கலங்களைக் காப்பதற்கு அதுவே வழி. உறங்கும்போது மேசை வெறுமையாகிவிடும். ஆகவே பகலில் எடுத்த படங்களும் அளவைகளும் கோப்புகளாகப் பிளாஷ் நினைவகத்தில் வைக்கப்பெற்று, வாய்ப்பு நேரும்போது புவிக்கு அனுப்பப்பெறும். அனுப்பியவற்றைப் பின்னர் அழித்துவிடுவர். ஏற்பாடு செம்மையானதுதான். செவ்வாயில் இறங்கிய நாள் முதல் பதினேழு நாள் வரை எவ்வகை இடையூறும் இன்றி அது நடைபெற்றும் வந்தது.

பதினெட்டாம் செவ்வாய் நாள், அதாவது 2004 ஜனவரி 21. அடிரோண்டாக் என்று பெயரிடப்பெற்ற பாறை ஒன்றன் அருகே ஊர்தி நின்றது. அப்பாறையைத் தேய்த்து உள்ளே காணவேண்டும் என்பது அன்றைய நோக்கங்களுள் ஒன்று. கலிபோர்னியாவிலுள்ள பாசடீனா நகரின் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்தினின்று கட்டளைகள் அனுப்பப்பெற்றன. அந்நேரத்தில் செவ்வாயை நோக்கியிருந்த பெரிய வானலை வாங்கி ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகருக்கு அருகே உள்ளது. அங்கே அப்போது இடியும் மழையுமாக இருந்தது. எதிர்பார்த்த மறுமொழி ஒழுங்காக வந்து சேரவில்லை. மழையினால் நேர்ந்த தடை என்றே முதலில் எண்ணினர். செவ்வாயைச் சுற்றிவரும் விண்கலங்களின் வழியாக அன்று பின்னர் வரவேண்டிய செய்தியும் வரவில்லை. வந்த சிறிதளவும் பொருளற்ற எண்களாகவே இருந்தது. கான்பெராவில் பெய்த மழை செவ்வாயைச் சுற்றும் கலத்தைத் தடுக்க மாட்டாது அன்றோ? குறை ஊர்தியிலேயே உள்ளது என்பது அப்போது தெளிவாயிற்று.

மறுநாள், கட்டளை கிடைத்தது என்பதற்கு அடையாளமாக ஒரு சிறு வானலைக் குறி மட்டும் வந்தது. ஊர்தி உயிருடன் இருக்கின்றது. ஆனால் ஏதோ ஒரு பிழையிற் சிக்கி இருக்கின்றது என்பதற்கு மேல் அக்குறியினால் அறியக் கூடியது ஒன்றும் இல்லை. ஜனவரி 23 அன்று வினாடிக்கு 10 பிட்டு என்னும் வேகத்தில் பத்து நிமிடமும், பின்னர் வினாடிக்கு 120 பிட்டு என்னும் வேகத்தில் இருபது நிமிடமும் செய்தி வந்தது. இவ்வேகம் எவ்வளவு குறைந்தது என்பதனை ஒரு கணக்கால் உணரலாம். ஒரு தமிழ் எழுத்துக் குறியைக் கணினியில் எழுத வழக்கமாக 24 பிட்டுகள் வேண்டும். வினாடிக்கு 10 பிட்டு என்றால், ஒரு குறியைப் பெறவே ஏறத்தாழ இரண்டரை வினாடியாகும். இங்ஙனம் துளித்துளியாக வந்த செய்தியைக் கூட்டிப் பார்த்தபோது உண்மை புலனாயிற்று. ஊர்தியின் கணினி தன்னைத்தானே நிறுத்தி, மீண்டும் தொடங்கி, மீண்டும் நிறுத்தி, அறுபது முறைக்கு மேல் இவ்வாறே செய்துகொண்டிருந்தது. இரவிலும் அது உறங்கவில்லை. உறங்குமாறு இட்ட கட்டளையையும் அதனால் நிறைவேற்ற இயலவில்லை. உறங்காத ஊர்தியின் மின்கலங்கள் இரவுதோறும் வலுவிழந்து வந்தன. இந்நிலை நீடித்தால் ஊர்தி அழிந்துபோவது உறுதி. ஸ்பிரிட்டுக்கு நோய் இன்னதென்று அறியுமுன்னரே, அதன் இரட்டையாகிய ஆப்பர்சூனிட்டி ஜனவரி 25 அன்று செவ்வாயின் மற்றொரு புறத்தில் இறங்க வேண்டியிருந்தது. அதன் உள்ளத்திலும் இருந்தது இதே மென்பொருள்தான்.

நோய் கணினியின் உறுப்பிலா, அன்றி மென்பொருளிலா என்பதே அப்போது எழுந்த பெருவினா. உறுப்பு பழுதுபட்டிருப்பின், அதனைக் கழற்றி மாற்ற அங்கே யார் உளர்? மென்பொருளில் உள்ள பிழையாயின், இங்கிருந்தே சொற்களால் திருத்தலாம். வல்லுநர் ஒன்றைக் கண்டுகொண்டனர். கணினி விழித்தெழும் ஒவ்வொரு முறையும், பிளாஷ் நினைவகத்தைத் திறக்கும் கட்டத்திற்றான் இடறி விழுகின்றது. எனவே, பிளாஷ் நினைவகத்தைத் தொடாமலேயே விழித்தெழுமாறு ஆணையிட்டால் என்ன ஆகும்?

ஊர்தியைப் படைத்தோர் முன்கூட்டியே இதற்கொரு வழி வைத்திருந்தனர். அதன் பெருமையை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். களஞ்சியத்தை அறவே மறந்து, ராம் நினைவகத்தின் ஒரு பகுதியையே தற்காலிகக் களஞ்சியமாகக் கொண்டு எழும் முறை அது. அம்முறையில் எழுந்த ஊர்தி ஊனமுற்றதே. உறங்கி விழித்தால் முந்தைய நாளின் நினைவு ஒன்றும் இராது. எனினும் அது சொற்கேட்கும். ஜனவரி 24 அன்று அவ்வாணை அனுப்பப்பெற்றது. ஒளியின் வேகத்திற் செல்லும் அக்கட்டளை செவ்வாயை அடையப் பத்து நிமிடத்திற்கு மேலாகும். மறுமொழி வர மேலும் அத்தனை நேரம். மறுமொழி வந்தது. ஊர்தி அமைதியுற்றது, ஒரு மணி நேர அளவிற்கு இடையறாது பேசியது, பின்னர் உறங்கு என்றதும் உறங்கியது. அடுத்த நாள் ஆப்பர்சூனிட்டி நலமே இறங்கியது. அது முதல், ஸ்பிரிட் விழிக்கும் ஒவ்வொரு காலையிலும் அதே ஆணையைப் புதிதாக அனுப்பியே அதனை எழுப்பி வந்தனர்.

இனி நோயின் மூலத்தைக் காண்போம். ஊர்தியின் இயங்குதளம் விஎக்ஸ்ஒர்க்ஸ் என்பது. அது பிளாஷ் நினைவகத்தில் கோப்புகளை அடுக்கிய முறையோ, பழைய வீட்டுக் கணினிகளில் வழங்கிய டாஸ் முறையே ஆகும். அம்முறையைப் புரிந்துகொள்ள, வணிகர் கடையிற் கணக்கெழுதும் பேரேட்டை நினைத்துக்கொள்க. ஒவ்வொரு கோப்பிற்கும் பேரேட்டில் ஒரு வரி உண்டு. கோப்பின் பெயர், அதன் அளவு, அது களஞ்சியத்தின் எவ்விடத்தில் தொடங்குகின்றது என்பன அவ்வரியில் எழுதப்பெற்றிருக்கும். ஒரு கோப்பை அழிக்கும்போது கணினி என்ன செய்கின்றது? களஞ்சியத்துள் புகுந்து அப்பொருளைத் துடைத்தெறிவதில்லை. பேரேட்டில் அவ்வரியின் முதலெழுத்தை மாற்றி, இவ்வரி செல்லாது என்று அடையாளம் இடுகின்றது. அக்கோப்பு இருந்த இடத்தை வேறு கோப்பிற்குத் தரலாம் என்றும் குறித்துக்கொள்கின்றது. அவ்வளவே. கோடிட்டு அடிக்கப்பெற்ற வரியும் தாளில் இடம் கொள்ளும் அன்றோ? அவ்வரியின் மேல் பின்னர் வேறொரு கோப்பின் பெயரை எழுதலாம். ஆனால் பேரேட்டின் பக்கங்கள் ஒருகாலும் குறைவதில்லை. ஒரு காலத்தில் ஆயிரம் கோப்புகள் இருந்தன என்றால், இன்று பத்தே கோப்புகள் இருப்பினும், பேரேடு ஆயிரம் வரியாகவே நீண்டிருக்கும்.

இதனாற் களஞ்சியத்திற்குப் பெரிய தீங்கில்லை. தீங்கு மேசையில் விளைந்தது. ஸ்பிரிட்டின் கணினி விழிக்கும்போதெல்லாம் அப்பேரேடு முழுவதையும், அடிக்கப்பெற்ற வரிகள் உட்பட, ராம் நினைவகத்தில் பரப்பி வைத்துக்கொள்ளும். ஏழு திங்கள் பயணத்தின்போது சேர்ந்த கோப்புகளின் வரிகள் அதில் இருந்தன. செவ்வாயில் இறங்கிய பின் நாள்தோறும் எடுத்த படங்களின் வரிகள் மேலும் சேர்ந்தன. பேரேடு மேசையைவிடப் பெரிதாகிய நாளே பதினெட்டாம் நாள். குதிரில் இன்னும் இடம் இருந்தது. குதிரின் கணக்கை விரிக்க மேசையில் இடம் இல்லாமற் போயிற்று! வட்டு நிறைந்தது என்று கணினி முறையிடும்போது, நிறைந்தது உண்மையில் வட்டுத்தானா என்று கேட்டல் எவ்வளவு இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும்.

மேசையில் இடம் போதாதபோது, ‘இடம் இல்லை’ என்று மறுமொழி கூறிவிட்டு மற்ற வேலைகளைத் தொடர்வதே முறை. ஆனால் ஊர்தியின் மென்பொருளில் இரண்டு அமைப்புகள் பிழையாக இருந்தன. பேரேட்டைப் பரப்பும் பகுதி, தனக்கென ஒதுக்கிய இடம் தீர்ந்தால் பொதுவிடத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டிருந்தது முதற்பிழை. பொதுவிடமும் தீர்ந்தால், இடம் கேட்ட பணியை அப்படியே நிறுத்தி வைத்துவிடுமாறு அமைந்திருந்தது இரண்டாம் பிழை. அங்ஙனம் ஒரு பணி நின்றதும், முதன்மையான பணி ஒன்று அசைவற்றுக் கிடக்கின்றது என்று காவற்பகுதி உணர்ந்து, கணினியை மீண்டும் தொடங்கச் செய்யும். தொடங்கியதும் கணினி அதே பேரேட்டைத் திறக்கும். மீண்டும் மேசை நிரம்பும். மீண்டும் பணி நிற்கும். காப்பதற்கென்று அமைத்த காவலே ஊர்தியை உறங்கவிடாமல் அலைக்கழித்தது.

பழங்கோப்புகள் மிகுதியாக உள்ளன என்பதை வல்லுநர் அறியாமல் இருந்தனர் என்று எண்ணலாகாது. அவற்றை அழிப்பதற்குரிய சிறு மென்பொருள் ஒன்றைப் பதினைந்தாம் நாளிலேயே இரு பகுதிகளாக அனுப்பினர். அவற்றுள் ஒன்று சென்று சேரவில்லை. அதனைப் பத்தொன்பதாம் நாளில் மீண்டும் அனுப்பத் திட்டமிட்டிருந்தனர். நோய் ஒரு நாள் முந்திக்கொண்டது.

மருந்து இருபடியாகக் கொடுக்கப்பெற்றது. களஞ்சியத்தை மறந்த நிலையில் ஊர்தியை எழுப்பி, மேசையில் போதிய இடம் இருக்கும்போது களஞ்சியத்தை மெல்லத் திறந்து, பயணக் காலத்துக் கோப்புகளை நூற்றுக்கணக்கில் அழித்தனர். எனினும் கோப்புகளை அழித்தால் வரிகள் அடிபடுமேயன்றிப் பேரேடு சுருங்காது என்பதை மேலே கண்டோம். ஆதலின், பிப்ரவரி முதற்கிழமையில் பிளாஷ் நினைவகம் முழுவதையும் துடைத்துப் புதிய பேரேடு தொடங்கினர். கணினி வழக்கில் இதனை வடிவமைத்தல் என்பர். அதன் பின்னர் ஸ்பிரிட் நலமாக எழுந்தது. பிப்ரவரி 6 அன்று, இடைநின்ற பணியைத் தொடர்ந்து, அடிரோண்டாக் பாறையை ஏறத்தாழ 45 மில்லிமீட்டர் விட்டத்தில், 3 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைந்த ஆழத்திற்குத் தேய்த்தது. செவ்வாயின் பாறை ஒன்றன் உட்புறத்தை மனிதன் ஆக்கிய கருவி திறந்து பார்த்தது அதுவே முதன்முறை. உள்ளே கண்டது ஏரியின் படிவு அன்று. எரிமலைக் குழம்பு இறுகிய கல்லே. அறிஞர்க்கு அது சிறிது ஏமாற்றமே. நீரின் சான்றுகளைத் தேடி ஊர்தி தொலைவிலுள்ள குன்றுகளுக்குச் செல்ல வேண்டியதாயிற்று.

நம் கணினிக்கு வருவோம். மாணவன் கோப்புகளை அழித்த பின்னும் வட்டில் இடம் வராமைக்குக் காரணங்கள் சில உண்டு. அவற்றுள் பெரும்பாலும் காணப்படுவது குப்பைத்தொட்டியே. விண்டோஸ் முதலிய இயங்குதளங்களில் நாம் அழிக்கும் கோப்பு உடனே அழிவதில்லை. தொட்டி என்று பெயரிட்ட மற்றோர் இடத்திற்கு மாற்றப்பெறுகின்றது. வீட்டின் கூடத்திலுள்ள பழம்பொருளைக் கொல்லைக்குக் கொண்டுபோய் வைத்தால் வீடு பெரிதாகிவிடுமா? தொட்டியை வெறுமையாக்கிய பின்னரே இடம் கிடைக்கும். சில கணினிகளில் பென்டிரைவிலுள்ள கோப்பை அழித்தாலும், கண்ணுக்குப் புலனாகாத தொட்டி ஒன்று அந்தப் பென்டிரைவிலேயே அமைந்து அதனை வைத்திருக்கும். வெறுமையாகத் தோன்றும் பென்டிரைவு நிறைந்துவிட்டதாகக் கூறுவதன் மருமம் இதுவே. அலைபேசியில் அழித்த ஒளிப்படங்களும் இவ்வாறே சில கிழமைகள் தங்கியிருப்பதுண்டு.

இடம் இருந்தும் இடமில்லை என்னும் நிலையும் உண்டு. முன்னாளில் வழங்கிய 1.44 மெகாபைட்டு நெகிழ்வட்டின் முதற்பேரேட்டில் 224 வரிகளுக்கே இடம் இருந்தது. ஒவ்வொன்றும் ஒரு வரியே உள்ள மிகச்சிறு கோப்புகளாயினும், 224 ஆனவுடன் அடுத்ததற்கு இடமில்லை என்று கணினி மறுத்துவிடும். வட்டிலோ பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடக்கும். லினக்ஸ் இயங்குதளத்திலும், கோப்பின் விவரம் எழுதுவதற்குரிய குறிப்பிடங்கள் எண்ணிக்கையிற் குறைவாக இருந்து அவை தீர்ந்துபோனால், இவ்வாறே நேரும். இலட்சக்கணக்கான சிறு கோப்புகளை ஆக்கிக் குவிக்கும் மென்பொருள்களால் இந்நிலை உண்டாகின்றது. அங்கே ஒரு பெரிய கோப்பை அழிப்பதால் பயனில்லை. பல சிறு கோப்புகளை அழித்தல் வேண்டும். இன்னொரு விந்தையும் லினக்ஸில் உண்டு. ஒரு மென்பொருள் திறந்து வைத்திருக்கும் கோப்பை நாம் அழித்தால், அதன் பெயர் மறையுமே ஒழிய, அம்மென்பொருள் அதனை விடும் வரையில் இடம் விடுபடாது. பெயரைக் காணோம், இடத்தையும் காணோம் என்று மயங்குவார்க்கு, அம்மென்பொருளை நிறுத்தித் தொடங்குவதே மருந்தாகும்.

அறிவிப்பு தோன்றியவுடன் செய்யத்தக்கது யாது? எழுதிக்கொண்டிருக்கும் மென்பொருளை மூடாதிருத்தல் முதற்கடமை. மூடினால் மேசைமீதுள்ள கட்டுரை மறைந்துபோகும். பழைய கோப்பின் மேலேயே மீண்டும் மீண்டும் சேமிக்க முயல்வதும் தீது. சில மென்பொருள்கள் பழையதைத் துடைத்துவிட்டுப் புதியதை எழுதத் தொடங்கும். எழுத இடமில்லாதபோது பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்றாகிவிடும். பென்டிரைவு போன்ற வேறோர் இடத்தில் வேறு பெயரிட்டுச் சேமித்த பின்னரே, வட்டைத் தூய்மை செய்யப் புகுதல் வேண்டும்.

தூய்மை செய்வோர் பலரும் கண்ணிற் பட்டதை அழிக்கத் தலைப்படுகின்றனர். இது கண்ணை மூடிக்கொண்டு களை பறிப்பதை ஒக்கும். எந்தக் கோப்புறை எவ்வளவு இடம் கொண்டுள்ளது என்பதைப் பெரியது முதலாக வரிசைப்படுத்திக் காட்டும் வசதி இன்றைய கணினிகளில் உள்ளது. அதனைப் பார்த்தால், நூறு கடிதங்கள் கொள்ளும் இடத்தைவிட ஒரு திரைப்படம் பன்மடங்கு இடம் கொண்டிருப்பது தெரியவரும். மென்பொருள்கள் தம் பணிக்கென எழுதிக்கொண்டு பின் மறந்துவிட்ட தற்காலிகக் கோப்புகளை, இயங்குதளத்திலேயே உள்ள தூய்மைக் கருவியைக்கொண்டு அகற்றலாம். இயங்குதளத்திற்குரிய கோப்புகளை, பெயர் விளங்கவில்லை என்பதற்காகவே அழித்துவிடலாகாது. கணினி மறுமுறை எழாமற் போகலாம். நெடுநாள் வேண்டிய படங்களை வேறு வட்டிற்கு மாற்றுவோர், அங்கே அவை ஒழுங்காகத் திறக்கின்றனவா என்று பார்த்த பின்னரே இங்குள்ளவற்றை அழிப்பது நன்று. இச்சிறு சோதனையைச் செய்யாமல், குடும்பத்தின் திருமணப் படங்கள் முழுவதையும் இழந்தோர் உளர்.

சில வேளைகளில் தூய்மை செய்த வட்டு இரண்டே நாளில் மீண்டும் நிறையும். அப்போது அழிப்பதை நிறுத்திவிட்டு, நிறைப்பது யார் என்று தேடவேண்டும். பெரும்பாலும் ஏதோ ஒரு மென்பொருள், தனக்கு நேரும் ஒரு பிழையை வினாடிதோறும் தன் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். அந்நாட்குறிப்பு வளர்ந்து வட்டை விழுங்கும். ஓட்டைக் கூரையின் கீழ் வைத்த பாத்திரத்தை எத்தனை முறைதான் வெறுமையாக்குவது? நாட்குறிப்பைத் திறந்து அதன் இறுதி வரிகளைப் படித்தால், பிழையின் பெயர் அங்கேயே எழுதப்பெற்றிருக்கக் காணலாம்.

ஸ்பிரிட் 90 நாளுக்கென்று படைக்கப்பெற்றும், ஆறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. அதன் கடைசிச் செய்தி 2010 மார்ச் 22 அன்று வந்தது. ஆப்பர்சூனிட்டி அதனினும் நெடுங்காலம் வாழ்ந்தது. 2015 மார்ச்சில், மாரத்தான் ஓட்டத்தின் தொலைவாகிய 42 கிலோமீட்டரைச் செவ்வாயில் கடந்தது. ஆனால் முதுமையில் அதற்கும் பிளாஷ் நினைவகத்தால் துன்பம் நேர்ந்தது. இம்முறை பேரேட்டின் குறை அன்று. பல்லாண்டு எழுதி அழித்ததனால் களஞ்சியமே தேய்ந்துவிட்டது. 2014 செப்டம்பரில் அதனைத் துடைத்து வடிவமைத்தனர். மறதி நீங்கவில்லை. களஞ்சியத்தின் ஏழு பகுதிகளுள் ஏழாவதை ஒதுக்கிவிட்டு மற்ற ஆறை மட்டும் வழங்கிப் பார்த்தனர். அதன் பின்னும் மறதி தோன்றவே, ஸ்பிரிட்டைக் காப்பாற்றிய அதே முறையில், களஞ்சியம் இன்றி மேசையை மட்டும் நம்பி அவ்வூர்தி வாழத் தொடங்கியது. பகலில் கண்டவற்றையெல்லாம் உறங்குமுன் அது புவிக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லாது விட்டவை உறக்கத்தோடு அழிந்துபோகும். 2018ஆம் ஆண்டில் செவ்வாய் முழுவதையும் மூடிய புழுதிப் புயல் கதிரொளியை மறைக்க, அவ்வாண்டு ஜூன் 10 அன்று அதன் இறுதிச் செய்தி வந்தது. அதனை மீண்டும் எழுப்புவதற்காக ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டளைகள் அனுப்பப்பெற்றன. மறுமொழி இல்லை. 2019 பிப்ரவரி 13 அன்று, அதன் பணி நிறைவுற்றதாக நாசா அறிவித்தது.